சாட்சியின் சொல்லும் நீதிமன்ற ஏடும்: நெய்யாற்றின்கரை எல்லைப்புறத்தில் மொழியும் நீதியும்

நீதிமன்றத்தில் சாட்சி கூறும் சொல் கூறிய மாத்திரத்தில் மறைந்துவிடுகிறது. ஏட்டில் எழுதப்பட்ட சொல்லே நிலைத்து நிற்கிறது. வழக்கை விசாரிக்கும் நீதிபதி சாட்சியை நேரில் காண்கிறார். அவருடைய குரலைக் கேட்கிறார். தயக்கத்தையும் உறுதியையும் உணர்கிறார். மேல்முறையீட்டை விசாரிக்கும் நீதிபதிகளுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் முன் இருப்பது கட்டி அனுப்பப்பட்ட ஏடு மட்டுமே. ஒருவருடைய நிலமோ, விடுதலையோ, சில வழக்குகளில் உயிரோ அந்த ஏட்டிலுள்ள ஒரு வாக்கியத்தைப் பொறுத்து அமைந்துவிடுவதுண்டு. ஆகவே சாட்சியத்தைப் பதிவு செய்யும் பணி வெறும் எழுத்து வேலை அன்று. நீதி வழங்கும் முறையின் அடித்தளங்களுள் அதுவும் ஒன்றாகும்.

சாட்சி பேசும் மொழியும் நீதிமன்றம் எழுதும் மொழியும் ஒன்றாக இருக்கும் இடங்களில் இப்பணியின் சிக்கல் எளிதில் புலப்படுவதில்லை. இரண்டு மொழிகள் ஒன்றோடொன்று கலந்து வழங்கும் எல்லைப்புறங்களிலேயே அது தெளிவாகத் தெரிகிறது. கேரள மாநிலத்தின் தென்கோடியில் உள்ள நெய்யாற்றின்கரை வட்டமும், அதைச் சார்ந்த பாறசாலைச் சுற்றுவட்டாரக் கிராமங்களும் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்குகின்றன.

எல்லை வகுத்த வரலாறு

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் நெய்யாற்றின்கரை உள்ளது. அதைக் கடந்தால் பாறசாலை. அதற்கு அப்பால் களியக்காவிளை. பாறசாலை கேரளத்திலும் களியக்காவிளை தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. 1956-ஆம் ஆண்டு வரை இவை அனைத்தும் ஒரே ஆட்சியின் கீழ், முதலில் திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும் பின்னர் திருவாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் அடங்கியிருந்தன. மொழிவாரி மாநிலங்கள் அமைக்கப்பட்டபோது, 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. எனினும் அது கேரளத்திலேயே நிலைபெற்றது.

எல்லைக்கோடு வரைபடத்தில் வரையப்பட்டதே தவிர, மக்களின் வாழ்வில் அது ஒரு சுவராக எழும்பவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குச் செல்வதும், நிலம் வாங்குவதும் விற்பதும் எல்லைக்கு இருபுறமும் தொடர்ந்தன. ஒரு குடும்பத்தின் ஒரு கிளை விளவங்கோட்டிலும் மற்றொரு கிளை பாறசாலையிலும் இருப்பது வியப்புக்குரியதன்று. ஆகவே நிலத் தகராறுகளும், குடும்ப வழக்குகளும், அடிதடி வழக்குகளும் எல்லையைத் தாண்டியே எழுகின்றன. நெய்யாற்றின்கரை நீதிமன்றங்களில் சாட்சிக் கூண்டில் ஏறுபவர் பேசும் மொழி மலையாளமாக இருக்கலாம், தமிழாக இருக்கலாம், பெரும்பாலும் இரண்டும் கலந்த ஊர்ப்பேச்சாக இருக்கலாம்.

மொழிச் சிறுபான்மையினருக்கு அரசியலமைப்புச் சட்டம் சில பாதுகாப்புகளை வழங்கியுள்ளது. எந்த ஒரு குறையையும் ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் மொழியொன்றில் எழுதி விண்ணப்பிக்கும் உரிமையை 350-ஆம் பிரிவு அளிக்கிறது. 1956-ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தம், தாய்மொழியில் தொடக்கக் கல்வி பற்றிய 350-ஏ பிரிவையும், மொழிச் சிறுபான்மையினருக்கான தனி அலுவலர் பற்றிய 350-பி பிரிவையும் சேர்த்தது. கேரளம் 1969-இல் இயற்றிய ஆட்சிமொழிச் சட்டமும், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தத்தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த வகை செய்தது. ஆனால் அலுவலகத்திற்கு எழுதும் விண்ணப்பம் வேறு. நீதிமன்றத்தில் வாய்மொழியாகக் கூறும் சாட்சியம் வேறு. விண்ணப்பத்தை எழுதுபவர் அதைத் திரும்பப் படித்துத் திருத்திக்கொள்ளலாம். சாட்சியின் சொல்லையோ மற்றொருவர் எழுதுகிறார்.

சட்டம் கூறும் நடைமுறை

உச்சநீதிமன்றத்திலும் உயர்நீதிமன்றங்களிலும் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டும் என்பது அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவு வகுத்த பொது விதி. கீழ் நீதிமன்றங்களின் மொழியைத் தீர்மானிக்கும் அதிகாரம் மாநில அரசுகளுக்கு உரியது. தமிழ்நாட்டில் 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் 1976-இல் திருத்தப்பட்டு, கீழ் நீதிமன்றங்களில் தமிழைப் பயன்படுத்த வழி செய்யப்பட்டது. கேரளக் கீழ் நீதிமன்றங்களில் ஆங்கிலமும் மலையாளமும் வழங்குகின்றன.

சாட்சியின் மொழி நீதிமன்ற மொழியிலிருந்து வேறுபடும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 277-ஆம் பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 312-ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது. அதன் சாரம் மூன்று கூறுகளைக் கொண்டது. சாட்சி நீதிமன்ற மொழியில் பேசினால் அம்மொழியிலேயே எழுத வேண்டும். வேறு மொழியில் பேசினால், இயலுமாயின் அவர் பேசிய மொழியிலேயே எழுதலாம். அது இயலாதபோது, விசாரணை நடக்க நடக்கவே நீதிமன்ற மொழியில் உண்மையான மொழிபெயர்ப்பைத் தயாரிக்க வேண்டும். சாட்சியின் மொழியிலேயே எழுதப்பட்டிருந்தால், அதன் மொழிபெயர்ப்பைக் கூடிய விரைவில் ஆயத்தம் செய்து ஏட்டில் சேர்க்க வேண்டும்.

இதற்கு அடுத்த விதி இன்னும் முக்கியமானது. முன்னர் 278-ஆம் பிரிவாகவும் இப்போது 313-ஆம் பிரிவாகவும் உள்ள அவ்விதிப்படி, சாட்சியம் முடிந்தவுடன் பதிவு செய்யப்பட்டதைச் சாட்சிக்குப் படித்துக்காட்ட வேண்டும். தேவையெனில் திருத்த வேண்டும். ஏட்டின் மொழி சாட்சிக்குத் தெரியாததாயின், அவர் பேசிய மொழியிலோ அவருக்குப் புரியும் மொழியிலோ அதை விளக்கிக் கூற வேண்டும். ஏதேனும் ஒரு பகுதி சரியில்லை என்று சாட்சி மறுத்தால், நீதிபதி அதைத் திருத்தலாம். அல்லது அந்த ஆட்சேபணையைத் தனியே குறித்துத் தம் கருத்தையும் சேர்க்கலாம். உரிமையியல் வழக்குகளில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 18-ஆம் கட்டளையில் உள்ள 6-ஆம் விதி இதையொத்த கடமையை விதிக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் அளிக்கப்பட்டால் அதை அவருக்கு மொழிபெயர்த்துக் கூற வேண்டும் என்பதும், மொழிபெயர்ப்பாளர் உண்மையாகவே மொழிபெயர்க்கக் கடமைப்பட்டவர் என்பதும் தனித்தனி விதிகளாக உள்ளன.

இவ்விதிகள் ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது என்பதை உச்சநீதிமன்றமும் வலியுறுத்தியுள்ளது. தில்லியில் எழுந்த ஒரு வழக்கில் 2023 ஜனவரி 30 அன்று வழங்கிய தீர்ப்பில், சாட்சி தம் மொழியில் கூறியதை ஆங்கிலத்தில் மட்டும் பதிவு செய்யும் பழக்கத்தை அது சுட்டிக்காட்டியது. சாட்சி உண்மையில் கூறியது எது என்ற கேள்வி எழுந்தால், அவருடைய மொழியில் உள்ள மூலப் பதிவே கணக்கில் கொள்ளப்படும் என்றும், நீதிபதி தயாரித்த மொழிபெயர்ப்புக் குறிப்பு அதற்கு ஈடாகாது என்றும் அது விளக்கியது.

ஏடு உருவாகும் விதம்

உலகின் சில நாடுகளில் நீதிமன்றத்தில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் அப்படியே எழுதப்படுகிறது. அமெரிக்க நீதிமன்றங்களில் இதற்கெனப் பயிற்சி பெற்ற சுருக்கெழுத்தர்கள் சிறப்பு விசைப்பொறியைக் கொண்டு கேள்வியையும் பதிலையும் சொல் விடாமல் பதிவு செய்கின்றனர். அந்நாட்டுத் தொழில்முறைச் சான்றிதழ்த் தேர்வில் கேள்வி-பதில் பகுதிக்கு நிமிடத்திற்கு 225 சொற்கள் என்ற வேகம் எதிர்பார்க்கப்படுகிறது.

இந்தியக் கீழ் நீதிமன்றங்களின் முறை வேறு. இங்கு சாட்சியின் பேச்சைச் சுருக்கெழுத்தர் நேராக எழுதுவதில்லை. சாட்சி கூறுவதைக் கேட்ட நீதிபதி, அதைத் தம் சொற்களில் தொகுத்துக் கூறுகிறார். அதையே சுருக்கெழுத்தர் அல்லது தட்டச்சர் எழுதுகிறார். அமர்வு நீதிமன்றத்தில் சாட்சியம் வழக்கமாகத் தொடர் உரையாகவே எழுதப்பட வேண்டும். நீதிபதி விரும்பினால் ஒரு பகுதியையோ முழுவதையுமோ கேள்வி-பதில் வடிவில் எழுதலாம். “அன்று மாலை எங்கே இருந்தீர்?” என்ற கேள்வியும், “வீட்டில்தான் இருந்தேன்” என்ற பதிலும் சேர்ந்து, “அன்று மாலை நான் வீட்டில் இருந்தேன்” என்ற ஒரே வாக்கியமாகி ஏட்டில் ஏறுகின்றன.

இம்முறையால் நேரம் மிச்சமாகிறது. ஏடும் படிப்பதற்கு எளிதாகிறது. ஆயினும் சாட்சியின் வாய்க்கும் ஏட்டுக்கும் இடையே எத்தனை படிகள் உள்ளன என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சாட்சி ஊர்ப்பேச்சில் கூறுகிறார். வழக்கறிஞரோ நீதிமன்ற ஊழியரோ சில சமயம் அதைப் பொதுமொழியாக்கிக் கூறுகிறார். நீதிபதி அதை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ தொகுக்கிறார். தட்டச்சர் அதை எழுதுகிறார். நகல் பிரிவில் அது படியெடுக்கப்பட்டு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படுகிறது. வழக்கு மேல்முறையீட்டிற்குச் செல்லும்போது, மலையாளத்தில் உள்ள பகுதிகள் ஆங்கிலமாக்கப்படுகின்றன. ஒவ்வொரு படியிலும் சொல் சிறிதளவு மாறக்கூடும். எல்லைப்புறத்தில் அந்தச் சிறிய மாற்றமே பொருளைத் தலைகீழாக்கிவிட வல்லது.

ஓர் எழுத்தில் மாறும் குற்றம்

எடுத்துக்காட்டாக ஓர் அடிதடி வழக்கைக் கொள்ளலாம். வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துக்காரர் தம்மை என்ன செய்தார் என்று கேட்கும்போது சாட்சி, “என்னைத் தல்லினான்” என்கிறார். மலையாளத்தில் ‘தல்லுதல்’ என்றால் அடித்தல். எல்லைப்புறத் தமிழ்ப்பேச்சிலும் இச்சொல் கலந்து வழங்குகிறது. அதைக் கேட்பவர் அப்பகுதிக்குப் புதியவரான தமிழராக இருந்தால், அவருடைய காதில் அது ‘தள்ளினான்’ என்று விழக்கூடும். லகரத்திற்கும் ளகரத்திற்கும் இடையே உள்ள வேறுபாடு ஓர் எழுத்தளவே. சட்டத்தின் கண்ணில் அது பெரிய வேறுபாடு. வேண்டுமென்றே காயம் விளைவித்தலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 115-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். கடும் ஆத்திரமூட்டல் இன்றிக் குற்றமுறு வலிமையைப் பயன்படுத்தியதற்கு 131-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரையே சிறை. தள்ளாதவர் தள்ளியதாகவும், அடித்தவர் அடிக்காததாகவும் ஏடு கூறிவிட்டால், மேல்முறையீட்டு நீதிபதிக்கு அதை அறிய வேறு வழி இல்லை.

ஒலியால் மட்டுமன்றிப் பொருளாலும் மயக்கம் தரும் சொற்கள் பல உள்ளன. இரண்டு மொழிகளிலும் ஒரே வடிவில் வழங்கி, வெவ்வேறு பொருள் தரும் சொற்களே இவற்றுள் ஆபத்தானவை. நில வழக்கில், “ஆதாரம் என் கையில் இல்லை” என்று ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். மலையாளத்தில் ‘ஆதாரம்’ என்பது கிரையப் பத்திரம் முதலிய பதிவு ஆவணத்தைக் குறிக்கிறது. பத்திரம் வங்கியில் அடமானமாக இருக்கிறது, அல்லது அண்ணனிடம் இருக்கிறது என்பதே அவர் கூற வந்தது. தமிழின் பொதுவழக்கில் ‘ஆதாரம்’ என்றால் சான்று. அந்தப் பொருளில் மொழிபெயர்க்கப்பட்டால், தம் உரிமைக்குச் சான்று ஏதும் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டதாக ஏட்டில் ஏறிவிடும். ஒப்புதல் என்பது உரிமையியல் வழக்கில் எத்துணை வலிமை வாய்ந்தது என்பதைச் சட்டம் பயிலும் மாணவர் அறிவர்.

‘சம்சாரம்’ என்பது தமிழ்ப் பேச்சில் மனைவியைக் குறிக்கிறது. மலையாளத்தில் பேச்சு, உரையாடல் என்பது பொருள். “அவருக்கும் எனக்கும் சம்சாரம் கிடையாது” என்றால், இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பதே செய்தி. ‘அவசரம்’ தமிழில் விரைவு, மலையாளத்தில் வாய்ப்பு. ‘வெள்ளம்’ பொதுத்தமிழில் பெருக்கெடுத்த நீர். மலையாளத்திலும் குமரி மாவட்டப் பேச்சிலும் குடிக்கும் நீரும் வெள்ளமே. ‘வஸ்து’ ஓரிடத்தில் ஏதேனும் ஒரு பொருள், மற்றோரிடத்தில் நிலம். உறவுச் சொற்களும் இவ்வாறே. ‘மருமகன்’ மகளின் கணவராகவும் இருக்கலாம். உடன்பிறந்தாளின் மகனாகவும் இருக்கலாம். ஒரு காலத்தில் மருமக்கத்தாய வழியில் சொத்து இறங்கிய குடும்பங்களின் பழைய உரிமைகளை ஆராயும்போது, இவ்விருவருள் எவர் என்பதே வழக்கின் மையக் கேள்வியாக அமையலாம்.

ஆண்டுக் கணக்கும் கவனத்திற்கு உரியது. பழைய திருவிதாங்கூர் ஆவணங்கள் கொல்லம் ஆண்டில் தேதியிடப்பட்டவை. கிறித்தவ ஆண்டிலிருந்து 824 அல்லது 825 குறைத்தால் கொல்லம் ஆண்டு கிடைக்கும். ஆண்டின் தொடக்கம் ஆகஸ்டு மாத நடுவில் விழுவதே இந்த ஓராண்டு வேறுபாட்டிற்குக் காரணம். 1924-ஆம் ஆண்டு ஜூலையில் கேரளத்தைத் தாக்கிய பெருவெள்ளம் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்றே இன்றும் நினைவுகூரப்படுகிறது; அது கொல்லம் 1099-ஆம் ஆண்டு. குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்ட இவ்வகைக் காலக்குறிப்பைச் சாட்சி கூறும்போது, அதை 1999 என்று எழுதிவிட்டால் முக்கால் நூற்றாண்டு அனுபவ உரிமை ஏட்டிலிருந்து மறைந்துவிடும்.

இவற்றினும் நுட்பமானது ‘ஆமாம்’ என்னும் எளிய சொல். “அன்று நீர் வயலுக்குப் போகவில்லை அல்லவா?” என்று குறுக்கு விசாரணையில் கேட்டால், போகாதவர் “ஆமாம்” என்பார். கேள்வியில் உள்ள மறுப்பை அவர் ஏற்றுக்கொள்கிறார். ஆங்கிலத்திலோ அதே கேள்விக்கு ‘யெஸ்’ என்று பதில் எழுதினால், போனதாகவே பொருள்படும். கேள்வியை விட்டுப் பதிலை மட்டும் மொழிபெயர்க்கும்போதும், இரண்டையும் சேர்த்துத் தொடர் உரையாக்கும்போதும் இந்த இடர்ப்பாடு நேர்கிறது. எதிர்மறைக் கேள்விகளுக்கு வரும் பதிலைக் கேள்வி-பதில் வடிவிலேயே எழுத வேண்டும் என்பதற்கு இதுவே போதிய காரணமாகும்.

இரு ஏடுகளுக்கு இடையே

நீதிமன்ற ஏடு வழக்கில் உள்ள ஒரே ஏடு அன்று. குற்ற வழக்கில் காவல்துறை புலன்விசாரணையின்போது சாட்சிகளை விசாரித்து எழுதும் வாக்குமூலமும் உண்டு. அதில் சாட்சி கையொப்பமிடுவதில்லை; சட்டமே அதைத் தடை செய்துள்ளது. அதைச் சாட்சியமாகக் கொள்ள முடியாது. ஆயினும் சாட்சி முன்னுக்குப்பின் முரணாகப் பேசுகிறார் என்று காட்டுவதற்கு எதிர்த்தரப்பு அதைப் பயன்படுத்தலாம்.

எல்லைப்புறத்தில் இதன் விளைவு கருதத்தக்கது. தமிழ் பேசும் சாட்சி கூறியதைப் பாறசாலைக் காவலர் மலையாளத்தில் எழுதுகிறார் என்று கொள்வோம். பல மாதங்களுக்கோ ஆண்டுகளுக்கோ பின் அதே சாட்சி நீதிமன்றத்தில் தம் பேச்சில் மீண்டும் கூறுகிறார். இரண்டு ஏடுகளுக்கும் இடையே தோன்றும் வேறுபாடு சாட்சியின் பொய்யால் வந்ததா, மொழிபெயர்ப்பால் வந்ததா என்று பிரித்தறிவது எளிதன்று. உண்மை பேசிய சாட்சி பொய்யர் என்ற பழிக்கு ஆளாகலாம். குற்றம் ஓரிடத்தில் நிகழ்ந்து அதன் விளைவு வேறிடத்தில் ஏற்பட்டால் இரண்டில் எங்கும் வழக்கை விசாரிக்கலாம் என்று சட்டம் அனுமதிப்பதால், களியக்காவிளைப் பக்கத்துச் சாட்சிகள் நெய்யாற்றின்கரையிலும், பாறசாலைப் பக்கத்துச் சாட்சிகள் குழித்துறையிலும் கூண்டேற நேர்கிறது. ஆகவே இச்சிக்கல் கேரளத் தமிழருக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் நிற்கும் மலையாளிக்கும் அது பொதுவானது.

உரிமையியல் வழக்குகளில் நிலைமை வேறு வகையானது. 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, சாட்சியின் முதல் விசாரணை பிரமாணப் பத்திரமாகவே தாக்கல் செய்யப்படுகிறது. குறுக்கு விசாரணை மட்டுமே நீதிமன்றத்திலோ ஆணையர் முன்னிலையிலோ நடக்கிறது. அந்தப் பிரமாணப் பத்திரம் வழக்கறிஞர் அலுவலகத்தில் தயாராகிறது. அதன் நடை சட்ட நடை. அதன் மொழி பெரும்பாலும் சாட்சியின் மொழி அன்று. ‘படித்துக்காட்டி விளக்கப்பட்டது’ என்ற ஒரு வரி இறுதியில் இருக்கிறது. அந்த வரி உண்மையாக நிறைவேறியதா என்பது குறுக்கு விசாரணையின்போதுதான் வெளிப்படும். தாம் கையொப்பமிட்ட தாளில் உள்ளதைத் தாமே அறியாத விவசாயி, கூண்டில் நின்று தடுமாறுவதற்கு அவருடைய அறியாமை காரணமன்று.

இயந்திரமும் மனிதரும்

அண்மைக் காலத்தில் பேச்சைக் கேட்டுத் தானே எழுதும் கணினி முறைகள் நீதிமன்றங்களுக்குள் வந்துள்ளன. உச்சநீதிமன்றத்தில் அரசியலமைப்பு அமர்வின் வாதங்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் உடனுக்குடன் எழுத்தாக்கும் முயற்சி 2023 பிப்ரவரி 21 அன்று தொடங்கியது. கேரள உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறையில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது பற்றிய கொள்கையை வெளியிட்டது. தீர்ப்பு முடிவுகளை எட்டுவதற்கு இக்கருவிகளைப் பயன்படுத்தலாகாது என்றும், இயந்திர மொழிபெயர்ப்பை மனிதர் சரிபார்க்க வேண்டும் என்றும் அக்கொள்கை வலியுறுத்துகிறது. இதனைத் தொடர்ந்து, 2025 நவம்பர் 1 முதல் சாட்சியங்களைப் பதிவு செய்ய ‘அதாலத் ஏஐ’ என்னும் கருவியைப் பயன்படுத்துமாறு கீழ் நீதிமன்றங்கள் பணிக்கப்பட்டன.

கையால் எழுதியும் தட்டச்சு செய்தும் சாட்சியம் பதிவான காலத்தோடு ஒப்பிடுகையில் இது பெரும் முன்னேற்றமே. சாட்சி காத்திருக்கும் நேரம் குறையும். தட்டச்சர் இன்மையால் வழக்கு ஒத்திவைக்கப்படும் நிலை மாறும். ஆயினும் இயந்திரம் தனக்குக் கற்பிக்கப்பட்ட பேச்சையே நன்கு அறியும். செய்தி வாசிப்பவரின் மலையாளத்தையும் சென்னைத் தமிழையும் கேட்டுப் பழகிய கருவி, இரண்டு மொழிகளையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசும் பாறசாலை முதியவரின் பேச்சை எங்ஙனம் கேட்கும் என்பது ஆராய்ந்து பார்க்கப்பட வேண்டிய கேள்வி. புரியாத இடத்தில் மனிதர் நிறுத்தி மீண்டும் கேட்பார். இயந்திரமோ தனக்குத் தெரிந்த நெருங்கிய சொல்லை இட்டு நிரப்பி மேலே செல்லக்கூடும். பிழை பிழையாகத் தோன்றாமல் வழுவழுப்பான வாக்கியமாகவே ஏட்டில் அமர்ந்துவிடும். ஆகவே படித்துக்காட்டும் கடமை, இயந்திரம் வந்தபின் குறையவில்லை, முன்னிலும் மிகுந்துள்ளது.

செய்ய வேண்டுவன

இச்சிக்கல்களுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. உள்ள சட்டத்தைக் கருத்துடன் நடைமுறைப்படுத்துவதற்கான சில ஏற்பாடுகளே தேவை.

முதலாவதாக, சாட்சி பிரமாணம் எடுத்தவுடன் அவர் எந்த மொழியில் பேச விரும்புகிறார் என்று கேட்டு, அதை ஏட்டின் முதல் வரியிலேயே குறிக்க வேண்டும். மூலப் பேச்சு எம்மொழியில் இருந்தது என்பது தெரிந்தால், பின்னர் எழும் ஐயங்களைத் தீர்க்க அது உதவும்.

இரண்டாவதாக, பொருள் மயக்கம் தரும் சொற்களைச் சாட்சி கூறியபடியே மேற்கோள் குறிக்குள் எழுதி, அதன் பொருளைப் பக்கத்தில் தர வேண்டும். ‘தல்லினான்’ என்ற சொல் அப்படியே ஏட்டில் இருக்குமாயின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் பொருளைத் தானே ஆராய்ந்து தெளிய முடியும்.

மூன்றாவதாக, எல்லைப்புற வழக்குச் சொற்களுக்கான கையேடு ஒன்று தொகுக்கப்பட வேண்டும். நில அளவை, ஆவணம், உறவுமுறை, காலக்கணக்கு, காயம், வசைச்சொல் ஆகிய தலைப்புகளில் சில நூறு சொற்கள் அடங்கிய சிறு நூலே போதுமானது. நெய்யாற்றின்கரையிலும் குழித்துறையிலும் பணியாற்றும் நீதிமன்ற ஊழியர், வழக்கறிஞர் குமாஸ்தாக்கள், காவலர் ஆகிய அனைவருக்கும் அது பயன்படும். பேச்சுணர் கருவிகளைப் பழக்குவதற்கும் அதுவே தொடக்கமாக அமையும்.

நான்காவதாக, சாட்சியத்தின் ஒலிப்பதிவு எழுத்துப் பதிவோடு சேர்த்துப் பாதுகாக்கப்பட வேண்டும். வாரண்டு வழக்குகளில், குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் முன்னிலையில் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சட்டம் ஏற்கெனவே இடம் தருகிறது. ஐயம் எழும்போது திரும்பக் கேட்க ஒரு குரல் இருப்பது, ஊகத்திற்கு இடம் தருவதைவிட மேலானது.

ஐந்தாவதாக, தமிழும் மலையாளமும் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்களுக்குச் சுருக்கெழுத்து, தட்டச்சு, நீதிமன்ற மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் முறையான பயிற்சி அளிக்க வேண்டும். தமிழ்நாட்டுத் தொழில்நுட்பக் கல்வித் துறையின் ஆங்கிலச் சுருக்கெழுத்துத் தேர்வுகளில் இளநிலைக்கு நிமிடத்திற்கு 80 சொற்களும் முதுநிலைக்கு 120 சொற்களும் அளவாக உள்ளன. வேகத்தை அளக்கும் இத்தகைய தேர்வோடு, கேட்டதைப் பொருள் பிறழாமல் மறுமொழியில் கூறும் திறனையும் சோதிக்கும் தேர்வு ஒன்று இணைக்கப்பட வேண்டும். எல்லைப்புறத்தில் பிறந்தவருக்கு இருமொழி அறிவு இயல்பாகவே வாய்க்கிறது. அது இதுவரை வீட்டுப் பயன்பாட்டோடு நின்றுள்ளது. அதைத் தொழில்திறனாக உயர்த்தினால் அப்பகுதி இளைஞர்களுக்கு வேலைவாய்ப்பும் கிடைக்கும். நீதித்துறைக்கு நம்பகமான பணியாளர்களும் கிடைப்பர்.

இறுதியாக, இவை அனைத்திலும் செலவற்றதும் பயன் மிக்கதும் ஒன்று உண்டு. சாட்சி கூண்டிலிருந்து இறங்குவதற்கு முன், எழுதியதை அவருக்குப் புரியும் மொழியில் நிதானமாகப் படித்துக்காட்டுவதே அது. வழக்குகள் மிகுந்த நாளில் இதற்கு நேரம் ஒதுக்குவது கடினம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் பத்து நிமிடம் மிச்சப்படுத்தியதால் விளைந்த ஒரு பிழையைத் திருத்த, மேல்முறையீட்டில் ஆண்டுகள் தேவைப்படலாம். சில பிழைகள் ஒருபோதும் திருத்தப்படாமலே போகலாம்.

நீதிமன்றத்தின் படியேறும் எல்லைப்புறக் கிராமவாசிக்குச் சட்டப் பிரிவுகளின் எண்கள் தெரியாது. தாம் கூறியது கூறியபடியே எழுதப்பட்டதா என்பதே அவருடைய கவலை. “நான் சொன்னது இதுதான்” என்று அவர் மனநிறைவோடு கையொப்பமிடும் ஏடே, தொலைவில் அமர்ந்து அதைப் படிக்கும் நீதிபதிக்கும் நம்பத்தக்க ஏடாக இருக்கும்.